ஒரு சொல்லுக்கு ஐந்து ஏன்

ரோபோ என்ற சொல்லை மூன்று ஆண்டுகளாக ஒரு ஷிப்டுக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அதன் பொருள் தெரிந்த வாரத்தில்தான் எனக்கு இந்தக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

ஒரகடம் பக்கத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்தேன். வெல்டிங் பகுதியில் நான்கு ரோபோக்கள் என் பொறுப்பு. காலையில் போனதும் நேற்றைய அலாரங்களைப் படிப்பேன். கேபிள் எங்காவது உரசுகிறதா, முனை தேய்ந்திருக்கிறதா, பாதுகாப்பு வேலியின் கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். நான் பட்டியல் போடுகிறவள். கைப்பேசியில் போடுவேன், பையிலிருக்கும் சின்ன நோட்டில் போடுவேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் உள்ளங்கையில் போடுவேன்.

டிரெய்னி காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கம்பெனியில் எங்களுக்கு ஆங்கில வகுப்பு ஆரம்பித்தார்கள். எச்.ஆர். அதிகாரி ஒருவர் நடத்தினார். திங்கட்கிழமை ஒருவருக்கு ஒரு சொல் தருவார். அதன் பொருள், அது பிறந்த கதை, அதை வைத்து மூன்று வாக்கியம் எல்லாம் தயார் செய்து சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மதிப்பெண் உண்டு. யாரை நிரந்தரம் ஆக்குவது என்று முடிவு செய்யும்போது அதையும் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

என் முறை வந்தபோது அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். "நீங்க ரோபோ செக்ஷன்தானேம்மா? ரோபோவே எடுத்துக்கோங்க. ஈஸி."

பின்வரிசையில் ஒருவன், "அவங்களே ரோபோதான் சார். சிரிக்கவே மாட்டாங்க" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. நான் நோட்டைத் திறந்து சொல்லை எழுதி, தேதி போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில் உள்ளே தள்ளி இருக்கிறது. கம்பெனி பஸ் ரோட்டில்தான் நிற்கும். பாலாற்றுப் பாலம் தாண்டி, பழையசீவரம், வாலாஜாபாத் வழியாகப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினேன். இரண்டு நிமிட வேலை என்று நினைத்திருந்தேன்.

சொல் செக் மொழியிலிருந்து வந்ததாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டில் ஒருவர் ஒரு நாடகம் எழுதினார். அதில் தொழிற்சாலையில் செய்த செயற்கை மனிதர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எழுதியவரின் அண்ணன் எடுத்துக் கொடுத்த பெயர்தான் ரோபோ. அந்த அண்ணன் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. அவர்கள் ஊரில் முன்பே இருந்த ரோபோட்டா என்ற சொல்லின் வாலை நறுக்கினார், அவ்வளவுதான். ரோபோட்டா என்றால், குடியானவன் பண்ணையாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கழிக்க வேண்டிய நாட்கள். ஏர் வைத்திருப்பவன் ஏரோடு போக வேண்டும். இல்லாதவன் வெறுங்கையோடு போக வேண்டும். அந்தச் சொல்லின் வேரும் அடிமை என்ற சொல்லின் வேரும் ஒன்று.

படித்ததை நோட்டில் எழுதினேன். ஒன்று, அழைத்தால் போக வேண்டும். இரண்டு, கூலி கிடையாது. மூன்று, வீட்டுக்கு ஒருவர். நான்கு, மறுத்தால் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது.

நான்காவதை எழுதும்போது பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே மணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இந்த நான்கும் எனக்குத் தெரிந்தவை. எந்த நாட்டுக் கதையும் இல்லை. எங்கள் தெருவில் இதற்கு மொறை என்று பெயர்.

எங்கள் தெருவில் ஒன்பது வீடு. தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக ஒரே பாதைதான். அதன் இரண்டு பக்கமும் பெரிய வீட்டுக்காரர்களின் நெல் வயல். பெரிய வீட்டில் விசேஷம் வந்தால், பொங்கலுக்கு முன் வீடு ஒழித்துக் கழுவினால், அறுவடைக்குப் பின் களம் பெருக்கினால், எங்கள் தெருவிலிருந்து ஒரு வீட்டுப் பெண் போவாள். அடுத்த தடவை அடுத்த வீடு. அவர்கள் வயலில் நடவுக்கோ களை எடுக்கவோ போனால் கூலி உண்டு. அது வேறு கணக்கு. மொறைக்குக் கூலி கிடையாது. பின்கட்டு வழியாக உள்ளே போய், பின்கட்டிலேயே வேலை செய்து, மிஞ்சிய சோற்றை வாங்கிக்கொண்டு அதே வழியாக வர வேண்டும். பெரிய வீட்டில் இதை ஒத்தாசை என்பார்கள். "நம்ம வூட்டுப் பொண்ணுங்க மாதிரி வந்து கூடமாட ஒத்தாசை பண்ணுங்க" என்பார் பெரிய வீட்டம்மா. அவர் வீட்டுப் பெண்கள் அண்டா விளக்கி நான் பார்த்ததில்லை.

நான் உத்திரமேரூரில் பள்ளிக்கூடம் படித்தவள். அங்கே படித்த எவரும் குடவோலைத் தேர்தலைப் படிக்காமல் தப்ப முடியாது. கோயில் சுவரில் வெட்டியிருக்கும் எழுத்தை வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். பெயர் ஓலையில் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். எங்கள் தெரு ஆள் ஒருவரின் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க முடியாது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கூலியில்லாமல் வாங்கிக்கொள்ளும் வேலைக்கு வெட்டி என்று பழைய கல்வெட்டுகளில் பெயர் இருப்பதையும் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில்தான் படித்தேன். எங்கோ ஒரு நாட்டுக் குடியானவனின் சொல்லைத் தேடப் போய், எங்கள் கோயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை மாலை அம்மாவின் கைப்பேசி அடித்தது. அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெயரைப் படிக்கத் தெரியாது என்பதால் முக்கியமானவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய வீட்டம்மாவின் பாட்டைக் கேட்டதும் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். நின்றுகொண்டு, "சொல்லுங்கம்மா" என்றாள். முழுப் பேச்சும் நின்றபடியே. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெயம நிச்சயதார்த்தமாம். நூத்தம்பது எல போடுறாங்களாம்" என்றாள் போனை வைத்துவிட்டு. "நம்ம மொற."

அம்மாவின் வலது மணிக்கட்டு இரண்டு மாதத்துக்கு முன் உடைந்தது. நடவு முடிந்து வரப்பில் வரும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குக் குடம்கூடத் தூக்கக் கூடாது, திரும்ப விலகினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கை சரியாகாவிட்டால் நடவு இல்லை, களை இல்லை, அம்மாவுக்கு எந்தக் கூலியும் இல்லை. அப்பா போய் ஆறு ஆண்டு ஆகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

என் மூன்றாம் நம்பர் ரோபோவுக்கும் மணிக்கட்டு உண்டு. நாங்கள் அதை அப்படித்தான் அழைப்போம். அந்த ஆண்டு அதில் ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. உடனே லைனை நிறுத்தினார்கள். புனேயிலிருந்து ஆள் வந்தார். இரண்டு ஷிப்ட் முழுக்க அது ஓய்வெடுத்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதே' என்று அட்டை மாட்டியது நான்தான்.

வியாழக்கிழமை மாலை அம்மாவிடம் உட்கார்ந்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஏதாவது கெட்டுப்போனால் ஐந்து ஏன் கேட்க வேண்டும். முதல் பதிலோடு நிற்கக் கூடாது. பதிலைப் பிடித்து மறுபடி ஏன், மறுபடி ஏன் என்று போனால் ஐந்தாவதில் வேர் தெரியும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அலாரத்துக்கும் கேட்டவள் நான். அம்மாவிடம் ஒரு ஏன்கூடக் கேட்டதில்லை.

"ஏம்மா போற?"

"நம்ம மொற. போவாம?"

"மொறன்னா ஏன் போணும்?"

"தெருவே போவுது. பக்கத்து வூட்டு சித்தி போவல? நம்ம மட்டும் இன்னா ஒசத்தி?"

"தெருவு ஏன் போவுது?"

"இன்னாடி, போலீசு கணக்கா கேட்டுக்கினு கீற? வயி வேணும்ல. ரோட்டுக்கு எப்டி போவ? உங் கம்பெனி பஸ்ஸு இன்னா வானத்துலயா வருது?"

"வழிக்கு ஏன் அவங்கள கேக்கணும்?"

"அவங்க நெலத்துல கீது, அதான்."

"அவங்க நெலம்னு ஏன் சொல்ற? யாரு சொன்னா?"

அம்மா வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"அவங்கதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மறுபடி கைப்பேசியை எடுத்தேன். எங்கள் வீட்டு மனைப் பட்டாவின் நகலைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் சர்வே எண் இருக்கிறது. அதற்குப் பக்கத்து எண்களை ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் நிலப் பதிவுத் தளத்தில் போட்டேன். வயல்கள் பெரிய வீட்டுக்காரர் பெயரில் வந்தன. பாதைக்கு அவர் பெயர் வரவில்லை. யார் பெயரும் வரவில்லை. தனி எண். வரைபடத்தில் இரண்டு கோடுகளாக, ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரை நேராக வந்தது. வகைப்பாடு என்ற இடத்தில் சர்க்கார் புறம்போக்கு என்றும் அதற்கு எதிரில் வண்டிப்பாதை என்றும் இருந்தது.

இதற்கு ஆன நேரம், வாலாஜாபாத் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கும் நேரம். அறுநூறு பக்க ரோபோ கையேட்டை வரி வரியாகப் படித்தவள், இதை மூன்று ஆண்டுகளில் ஒரு தடவை தேடியிருக்கலாம். தேடவில்லை. அன்றைக்குப் பெரிய வீட்டின் மேல் வந்த கோபத்துக்குச் சமமாக என் மேலும் வந்தது.

அன்று மாலை ஷிப்ட் முடியும் முன் சூப்பர்வைசர் எங்களைக் கூட்டினார். திங்கட்கிழமை வெளியாட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை டிரெய்னிகள் எல்லோரும் வந்து தரை துடைத்து, கோடுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, ரோபோக்களைப் பளபளவென்று துடைத்து வைக்க வேண்டும். "வாலண்டரிதான். இஷ்டம் இருக்கறவங்க வரலாம்" என்றவர், கையோடு ஒரு தாளை நீட்டி எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். நானும் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். கோடுகளைப் பெரிதாக்கி, இது நம் தெரு, இது ரோடு, நடுவில் இருப்பது கவர்மெண்டுப் பாதை என்றேன்.

"போன்ல ஆயிரம் வரும்" என்றாள் அம்மா. "போன மாசம் யாரோ லட்சம் ரூவா வியுந்துக்கீதுன்னு கூடத்தான் வந்துச்சி. ஞாயித்துக்கெயம உனுக்கு லீவுதான? எங்கூட வந்து அண்டாவ ஒரு பக்கம் புடி. அது போதும்."

"எனக்கும் கம்பெனி கீதுமா. ஆடிட்டு. க்ளீன் பண்ணக் கூப்ட்டுக்கிறாங்க."

"ஓட்டி காசு உண்டா?"

"இல்ல."

"சோறு?"

"தருவாங்க. பிரியாணி."

"எனுக்கு சாம்பார் சோறு. உனுக்கு பிரியாணி. படிச்ச புள்ளன்னா சும்மாவா." அம்மா சிரிக்கவில்லை. "சரி, போவலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"பர்மனெண்ட் லிஸ்ட்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஆங்" என்றாள் அம்மா. "உனுக்கு லிஸ்ட்டு. எனுக்கு வயி. என்னிய கேள்வி கேக்க வந்துட்டா. போ, கைய கயுவிக்கினு வந்து துன்னு."

நான் சாப்பிடவில்லை. அம்மாவோடு சண்டை போடுவதற்கு எனக்கு ஒரு சொல்லும் மிச்சமில்லை. செவ்வாய்க்கிழமை நோட்டில் எழுதிய நான்கு வரிகளில் மூன்று, கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்கும் பொருந்தின.

சனிக்கிழமை மதியம் ஐந்து நிமிடம் பேசினேன். தயார் செய்ததை அப்படியே பேசினேன். நாடகம், அண்ணன், செக் மொழி, பண்ணையார், ஏரோடு போகிறவன், வெறுங்கையோடு போகிறவன். என் குரல் நடுங்கவில்லை. கோபமாக இருக்கும்போது எனக்குக் குரல் நடுங்காது. மூன்று வாக்கியங்களில் மூன்றாவதைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலும் சொன்னேன். "இந்தக் கட்டடத்தில் ஓய்வு நாளும் கிரீஸும் வேலியும் உள்ளவர்களை நாம் ரோபோ என்கிறோம், நாளைக்குச் சம்பளமில்லாமல் வரப்போகிறவர்களை டிரெய்னி என்கிறோம்."

அறையில் சிரிப்பு இல்லை. நான் தொடர்ந்தேன். "சார், நான் நேத்து போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கிக்கறேன். ஓவர்டைம்னு போட்டா வரேன். இல்லன்னா வரல. வாலண்டரின்னு சொன்னதால சொல்றேன்."

எச்.ஆர். அதிகாரி புன்னகையை மாற்றாமல் ஏதோ எழுதினார். "ப்ரொனன்சியேஷன் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா டாபிக்க விட்டு வெளிய போய்ட்டீங்க."

பின்வரிசைக்காரன், என்னை ரோபோ என்றவன், நான் உட்காரும்போது குனிந்து, "அக்கா, காலி நீ" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் எங்கள் ஊரில் இறங்காமல் உத்திரமேரூர் வரை போனேன். பஜாரில் பாய் கடையில் ஜெராக்ஸும் இ-சேவையும் உண்டு. பாய்க்கு என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். சர்வே எண்ணைச் சொன்னதும் அவரே தளத்தைத் திறந்தார்.

"வண்டிப்பாதையா? இன்னாமா, யாராவது மறிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல பாய்."

"இன்னும் இல்லன்னா மறிக்கப் போறாங்க." வரைபடம் ஒரு தாள், பதிவேடு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். "கலர்ல எடுத்துக்கோ. கறுப்புல எடுத்தா ஜெராக்ஸு, ஒத்துக்க மாட்டேம்பாங்க. கலர்ல இருந்தா ஒரிஜினல் மாதிரி ஒரு பயம் வரும் அவங்களுக்கு."

தாளை அம்மாவிடம் கொடுத்தேன். மேலே இருந்த அரசாங்க முத்திரையை விரலால் தடவினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். "எது நம்ம வயி?" என்றாள். காட்டினேன். "இவ்ளோ ஒல்லியா கீது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அந்தப் பாட்டு ஒலித்தது. அம்மா எழுந்தாள். பழக்கத்தில் எழுந்துவிட்டாள். கை முந்தானைக்குப் போனது. என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். பாட்டு முழுதும் ஓடி நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மூன்றாம் தடவை போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.

ஒன்பதரைக்குப் பெரிய வீட்டுப் பிள்ளை புல்லட்டில் வந்தார். இன்ஜினை நிறுத்தவில்லை.

"இன்னாமே, போன் எடுக்க மாட்டியா? பாத்திரம்லாம் அப்டியே கெடக்குது."

"கை முடில நைனா" என்றாள் அம்மா.

"முடிலன்னா பொண்ண அனுப்பறது."

"நான் வர மாட்டேன். அம்மாவும் வர மாட்டாங்க" என்றேன். அவரை அண்ணா என்று கூப்பிடாமல் நான் பேசிய முதல் பேச்சு அது. அவருக்கும் அது தெரிந்தது. இன்ஜினை நிறுத்தினார்.

"ஓ. வரப் போவ வயி வேணாமா உங்களுக்கு?"

"வேணும். அது உங்களுது இல்ல. வண்டிப்பாதை. சர்க்கார் புறம்போக்கு." தாளை நீட்டினேன்.

அவர் தாளை வாங்கவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. என்ன எண், எங்கே எடுத்தாய், இது எப்படி இருக்க முடியும் என்று எந்த மனிதனும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரெண்டு எயுத்து படிச்சிட்டா போதும், நேரா சர்வேயராயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவர்களுக்குத் தெரியும். எப்போதும் தெரிந்திருக்கிறது. அந்த நிமிடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பாதை தங்களுடையது என்று நம்பி வேலை வாங்கியிருந்தால் அது ஒரு வகை. தங்களுடையது இல்லை என்று தெரிந்தே, நடு வயதுப் பெண்களை வரிசை வைத்துப் பின்கட்டுக்கு வரவழைத்தது இன்னொரு வகை. எந்தப் பட்டியலில் வைப்பது என்று எனக்குத் தெரியாத வகை.

அம்மாவுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சித்தி போனாள். அம்மாவின் சித்தப்பா மகள் அவள். பத்து மணிக்கு எங்கள் வாசலைப் பார்க்காமல் நடந்தாள். மாலை ஐந்துக்கு வந்தாள், இரண்டு கையிலும் சோற்றுப் பொட்டலம். விரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன.

"ஏண்டி போன?" என்றாள் அம்மா.

"பின்ன? நீ பாட்டுக்கு வூட்ல குந்திக்கின. நாளைக்கு முள்ளு போட்டான்னா எம் பொண்ணு எப்டி ஸ்கூலுக்குப் போவும்? உன் பொண்ணு வேலைக்குப் போவுது, பேசுது. நா இன்னா பேசறது?" பொட்டலத்தில் ஒன்றை எங்கள் வாசலில் வைத்தாள். அம்மா அதைத் தொடவில்லை. இருட்டும் முன் நாய் இழுத்துக்கொண்டு போனது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது பாதையின் ரோட்டு முனையில் வேலிகாத்தான் முள் கிடந்தது. ஆள் உயரத்துக்கு, ஒரு டிராக்டர் நிறைய. சித்தி போய் அண்டா விளக்கி வந்தும் போட்டிருந்தார்கள்.

காலை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பிய சித்தியின் மகள் பள்ளிச் சீருடையில் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் சித்தி. சித்தி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இடது கையில் வெட்டுக்கத்தியோடு வந்தாள். ஒரு வெட்டு வெட்டினாள். இடது கை பழகாததால் கத்தி நழுவியது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போது சித்தி வந்து கத்தியைப் பிடுங்கினாள்.

"குடுக்கா இங்க. இருக்கற கையயும் ஒடச்சிக்கப் போற." அதன் பிறகு அவள் வெட்டிய வேகத்தில் யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசவு. அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். நான் குச்சியால் முள்ளை இழுத்து ஓரம் போட்டேன். ஒன்பது வீட்டில் மூன்று வீடுதான் வந்தது. மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ரோட்டில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கே தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இணைப்பு ஒன்று, வரைபடம். இணைப்பு இரண்டு, பதிவேடு. இணைப்பு மூன்று, முள்ளின் புகைப்படம். கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் வந்து பார்த்தார். "சர்வேயர் வந்து அளக்கணும்" என்றார். சர்வேயர் இன்னும் வரவில்லை. முள்ளும் திரும்ப வரவில்லை. மனுவின் ரசீதை வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனபோது ஆங்கில வகுப்பின் பலகையில் என் சொல்லை அழித்துவிட்டு அடுத்த வாரச் சொல்லை எழுதியிருந்தார்கள். கிராட்டிட்யூட். நன்றியுணர்வு. என் ரோபோக்கள் பளபளவென்று இருந்தன. பின்வரிசைக்காரன் துடைத்தானாம். மூன்றாம் நம்பரின் மேல் ஒரு கிரீஸ் கறையை அப்படியே விட்டிருந்தான். "உனக்காக விட்டேன்க்கா. இல்லன்னா உனக்கு வேலையே இல்லன்னு நெனச்சிடுவாங்க" என்றான்.

இரண்டு மாதம் கழித்து நிரந்தரமானவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. டிரெய்னி காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருந்தார்கள். நேராகப் போய்க் காரணம் கேட்டேன்.

"கம்யூனிகேஷன்" என்றார் எச்.ஆர். அதிகாரி.

அம்மாவின் மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. மழைக்கு முன் கொஞ்சம் வலிக்கிறது என்கிறாள். நடவுக்குப் போகிறாள், ஆனால் பெரிய வீட்டு வயலுக்கு இல்லை. அங்கே கூப்பிடுவதில்லை. சாலவாக்கம் பக்கம் பஸ் ஏறிப் போகிறாள். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக என்னைத் தினமும் திட்டுகிறாள்.

போன வாரம் பெரிய வீட்டில் வளைகாப்பு. அதற்கு மொறை சித்தியுடையது. அதற்கு இரண்டு நாள் முன் மாலையில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் ரேஷன் பற்றியும் பேசினாள். பிறகு, "அந்தக் காகிதம் கீதே, கலரு காகிதம். ஒரு நாளைக்கிக் குடேன். காப்பி எடுத்துக்கினு தரேன்" என்றாள்.

நான் பாய் கடையில் முன்பே ஒன்பது காப்பி எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். சித்தி தாளை மடியில் விரித்து, கோட்டின் மேல் விரலை வைத்தாள். அப்போது அவள் போன் அடித்தது. திரையில் பெரிய வீட்டு எண்ணைப் பார்த்ததும் சித்தி ஒரு கையைப் படியில் ஊன்றி எழப் போனாள்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"குந்திக்கினே பேசுடி."